பிள்ளையின் பயம், வீட்டாரின் பங்கு: கம்பம், குமுளி, மூணாறு பக்கத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கீழே கம்பம், கூடலூர், போடி. மேலே, எல்லை தாண்டிக் கேரள மலையில், குமுளி, வண்டிப்பெரியாறு, பூப்பாறை, மூணாறு. இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடக் கூட்டங்களிலும் ஆஸ்பத்திரி வராந்தாக்களிலும் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இருக்கின்றன. முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை. ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை. கேள்வி எண்ணைப் பார்த்து மேலே போய்ப் படித்துக்கொள்ளுங்கள்.

1. "பயப்படாத புள்ள உலகத்துல உண்டா? இதுக்கெல்லாம் போயி டாக்டரா?"

இல்லைதான். வயதுக்கேற்ற பயங்கள் வரும், போகும். எட்டு மாதத்தில் புது முகம் கண்டால் அழுகை. அங்கிருந்து மூன்று வயது வரை அம்மா கண்ணை விட்டு மறைந்தால் அழுகை. மூன்றிலிருந்து ஆறு வரை இருட்டு, பேய், நாய், இடி. ஏழெட்டு வயதுக்கு மேல் அடிபடுவது, அப்பா அம்மா செத்துப்போவது, வெள்ளம், நெருப்பு. பன்னிரண்டைத் தாண்டினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்கிற பயம்.

பயம் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். அது பிள்ளையிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொள்கிறது என்று பாருங்கள். நாயைக் கண்டால் ஒதுங்கி நடக்கிற பிள்ளைக்கு வெறும் பயம். நாய் இருக்கிற தெரு என்பதால் டியூஷனே நின்றுபோனால் கதை வேறு. தூக்கம், சாப்பாடு, பள்ளிக்கூடம், விளையாட்டு இவற்றில் ஏதாவது ஒன்று கெட்டு, நாலு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

2. "என்ன பயம்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குறான். வயித்து வலின்னு மட்டும்தான் சொல்றான். நடிக்கிறானோ?"

நடிப்பில்லை. பத்து வயதுக்குக் கீழே உள்ள பல பிள்ளைகளுக்குப் பதற்றம் வயிற்றில்தான் தெரியும். தொப்புளைச் சுற்றி வலி, காலையில் குமட்டல், தலைவலி, அடிக்கடி ஒன்றுக்குப் போவது. பயம் வந்தால் உடம்பு ஓடத் தயாராகிறது. ரத்தம் குடலை விட்டுக் கை கால்களுக்குப் போகிறது. வயிறு நிஜமாகவே இழுத்துப் பிடிக்கிறது. திங்கட்கிழமை காலையில் வந்து, சனிக்கிழமை காணாமல் போகிற வலி என்றால் பதற்றம் என்று சந்தேகப்படலாம்.

ஆனாலும் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். காய்ச்சல், எடை குறைவது, மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி, தொப்புளை விட்டுத் தள்ளி ஒரே இடத்தில் நிற்கும் வலி, இதெல்லாம் இருந்தால் பதற்றம் என்று ஒதுக்கவே கூடாது. ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு வாராவாரம் ஸ்கேன், மருந்து என்று அலைவதும் கூடாது. தன் உடம்பில் ஏதோ பெரிய கோளாறு இருக்கிறது என்றே பிள்ளை அதிலிருந்து புரிந்துகொள்ளும்.

3. "எனக்கும் சின்ன வயசுலருந்தே படபடப்பு. அது என்கிட்டருந்துதான் இவளுக்கு வந்துச்சா?"

பாதிக்குக் கீழே. பதற்ற நோய்களில் பரம்பரையின் பங்கு 30 முதல் 40 விழுக்காடு என்று இரட்டையர் ஆய்வுகள் கணக்கிட்டிருக்கின்றன. அதுவும் நோயாக வருவதில்லை, சுபாவமாக வருகிறது. புது ஆள், புது இடம் கண்டால் ஒடுங்கிப்போகிற சுபாவம் 15 முதல் 20 விழுக்காடு குழந்தைகளுக்குப் பிறவியிலேயே உண்டு. அவர்களிலும் எல்லோரும் பதற்ற நோய்க்குப் போவதில்லை.

"வளர்ப்பு சரியில்லை" என்று அம்மாவைக் குற்றம் சொல்கிற உறவினர்களுக்கு ஒரு கணக்கு. 2007-இல் 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பிள்ளைகளுக்கு இடையே பதற்றத்தில் உள்ள வேறுபாட்டில் பெற்றோரின் வளர்ப்பு முறை விளக்கியது சுமார் 4 விழுக்காடுதான். காரணம் சில சமயம் தலைகீழாகவும் ஓடுகிறது. 2009-இல் ஆஸ்திரேலியாவில் தாய்மார்களை மாற்றி, அடுத்த வீட்டுப் பிள்ளைகளோடு ஒரு வேலை செய்யவிட்டார்கள். பதற்றப்படும் பிள்ளை பக்கத்தில் இருந்தால் எந்த அம்மாவும் அளவுக்கு மீறி உதவிக்கு ஓடினார். பிள்ளையின் பயமும் நம்மை இழுக்கிறது என்று அர்த்தம்.

அப்படியானால் வீட்டார் செய்ய ஒன்றுமில்லையா? இருக்கிறது. 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பதற்ற நோய் உள்ள பெற்றோர் 136 பேரின் குடும்பங்களை எடுத்துக்கொண்டார்கள். வீட்டுப் பழக்கங்களை மாற்றச் சில வாரம் பயிற்சி பெற்ற குடும்பங்களில், ஒரு வருடத்தில் 5 விழுக்காடு பிள்ளைகளுக்கே பதற்ற நோய் வந்தது. அந்தப் பயிற்சி பெறாத குடும்பங்களில் 31 விழுக்காடு. பயம் எங்கிருந்து வந்தது என்று தோண்டுவதைவிட, பயம் வந்த நேரத்தில் வீட்டார் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதில்தான் பலன் இருக்கிறது.

4. "ரத்தத்துல வரலைன்னா வேற எப்படி ஒட்டும்?"

பார்த்து, கேட்டு, தப்பித்து. முதலில் பார்ப்பது. 2002-இல் ஒன்றேகால் வயது முதல் ஒன்றரை வயது தாண்டிய குழந்தைகள் வரை 30 பேரிடம் ரப்பர் பாம்பும் ரப்பர் சிலந்தியும் காட்டினார்கள். அம்மா முகம் சுளித்துக் காட்டிய பொம்மையைக் கண்டு குழந்தைகள் பிறகு அதிகம் ஒதுங்கின. அம்மா சிரித்துக் காட்டியதிடம் அந்த அளவுக்கு ஒதுங்கவில்லை. நீங்கள் வாயால் "ஒண்ணும் இல்லடா" என்கிறீர்கள், கை அவன் தோளை இறுக்கிப் பிடிக்கிறது. பிள்ளை கையைத்தான் நம்பும்.

அடுத்தது கேட்பது. மழைக்காலம் வந்தால் முல்லைப்பெரியாறு நீர்மட்டம் பற்றி டிவியில் ஓடிக்கொண்டே இருக்கும். 136 அடி, 140 அடி, 142 அடி. கம்பம் பள்ளத்தாக்கில் அதே எண் சந்தோஷம்; வண்டிப்பெரியாறு ஆற்றோரத்தில் அதே எண் கலக்கம். பெரியவர்கள் டீக்கடையில் பேசி மறந்துவிடுவார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஓர் அடி உயர்வது என்றால் என்ன, அணையில் மதகு எதற்கு என்பதெல்லாம் தெரியாது. "உடைஞ்சா எல்லாரும் போயிருவோம்" என்ற ஒரு வரி மட்டும் ராத்திரிக்கு மிஞ்சும். அந்தச் செய்தியைப் பிள்ளை முன்னால் ஓயாமல் ஓடவிடாதீர்கள். கேட்டால் மறைக்கவும் வேண்டாம்; என்ன நடக்கிறது, யார் கண்காணிக்கிறார்கள், அறிவிப்பு வந்தால் நாம் எங்கே போவோம் என்று மூன்று வரியில் சொல்லுங்கள்.

மூன்றாவது, பயந்த இடத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் தப்பிக்கவிடுவது. பெரிய வழி இதுதான். 7-ஆம் கேள்வி முழுக்க அதைப் பற்றியது.

5. "யானை நெசமாவே வருது. மண்ணு நெசமாவே சரியுது. பயப்படாதன்னு எப்படிச் சொல்றது?"

சொல்லாதீர்கள். மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி லயங்கள் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகள்) மேல் மண் சரிந்து 70 பேர் போனார்கள். 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடிபட்ட அரிக்கொம்பன் என்ற காட்டு யானை, மே மாதக் கடைசியில் கம்பம் தெருவிலேயே நடந்தது. இந்த ஊரில் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்கிற பெரியவரைப் பிள்ளை அடுத்த முறை நம்பாது.

நிஜமான ஆபத்துக்கு வாக்குறுதி வேண்டாம், ஏற்பாடு வேண்டும். யானை நடமாட்டம் என்று தகவல் வந்தால் யாரும் தனியாக வெளியே போவதில்லை. சாயங்காலத்துக்கு மேல் பாதையில் கும்பலாக டார்ச்சோடு வருவது. விடாத மழையில் எந்த வீட்டுக்கு மாறுவது. ரேஷன் கார்டு, ஆதார், மருந்து இருக்கிற பை எங்கே தொங்குகிறது. பிள்ளைக்கும் ஒரு சின்ன வேலை கொடுங்கள்: டார்ச்சுக்குச் சார்ஜ் போடுவது அவன் பொறுப்பு. ஏற்பாட்டை ஒருமுறை விளக்கியாகிவிட்டால் ராத்திரிக்கு ராத்திரி அதையே பேசிக்கொண்டிருக்க வேண்டாம்.

சரிவையோ யானைத் தாக்குதலையோ கண்ணால் பார்த்த, அதில் ஆளைப் பறிகொடுத்த பிள்ளை வேறு வகை. மழைச் சத்தத்துக்கே விறைப்பது, அதே காட்சியைத் திரும்பத் திரும்ப விளையாட்டாக ஆடுவது, கனவில் அலறுவது ஒரு மாதத்துக்கு மேல் போனால் இங்கே சொல்கிற பயிற்சிகளை நீங்களே செய்து பார்க்காமல் மனநல மருத்துவரிடம் போங்கள்.

6. "எங்க அம்மாச்சி அவளை ஒத்தையில வாசலுக்குக்கூட விட மாட்டாங்க. பாசமாத்தானே இருக்காங்க?"

பாசத்தில் சந்தேகமில்லை. 3-ஆம் கேள்வியில் சொன்ன அதே 2007 ஆய்வில், பாசம் குறைவதைவிடப் பிள்ளையைத் தன்னிச்சையாக எதையும் செய்ய விடாததுதான் பதற்றத்தோடு அதிகம் ஒட்டியிருந்தது. பத்து வயதுப் பெண்ணுக்குச் சோறு பிசைந்து ஊட்டுவது, டீச்சர் கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் நின்று பதில் சொல்வது, பையைத் தூக்குவது எல்லாம் சேர்ந்து "உன்னால் ஆகாது" என்பதை வாய் திறக்காமல் சொல்லிவிடுகின்றன.

அம்மாச்சியோடு சண்டை போட்டால் காரியம் கெடும். "விடுங்க" என்றால் விடமாட்டார். "இவளுக்கு அரிசி களையக் கத்துக் குடுங்க, அம்மாச்சி" என்றால் செய்வார். அவர் கண் முன்னாலேயே நடக்கிற வேலைகளில் ஆரம்பித்து வாரம் ஒன்று கூட்டுங்கள்.

7. "அழுவுறாளேன்னு கூடவே போறோம், கூடவே நிக்கிறோம், அவளுக்குப் பதிலா நாங்களே பேசிடுறோம். அது தப்பா?"

தப்பு என்று சொன்னால் எல்லா வீடும் தப்பு. 2013-இல் அமெரிக்காவில் பதற்ற நோய்க்குச் சிகிச்சைக்கு வந்த பிள்ளைகளின் பெற்றோரைக் கேட்டபோது 97 விழுக்காடு பேர் ஏதோ ஒரு வகையில் இப்படித்தான் செய்தார்கள். பிள்ளை அழுகிறது, நீங்கள் பயத்தின் காரணத்தை விலக்குகிறீர்கள், அழுகை நிற்கிறது, இருவருக்கும் நிம்மதி. ஆனால் அந்த இடத்தில் தான் சமாளித்திருக்க முடியும் என்று தெரிந்துகொள்ளப் பிள்ளைக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் அழும், நீங்களும் இன்னும் சீக்கிரம் ஓடுவீர்கள். வாய்க்கால் கரையில் ஒரு தடவை தண்ணீர் போன தடத்திலேயே அடுத்த தண்ணீரும் பாய்வது மாதிரி.

மாற்றுவது இப்படி. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் ஒரு நோட்டில் எழுதுங்கள்: பிள்ளையின் பயத்துக்காக நான் இன்று என்ன செய்தேன், அல்லது எதைச் செய்யாமல் விட்டேன். கழிப்பறைக் கதவருகே நின்றது, "நீ வந்துருவியா" என்று இருபது தடவை கேட்டதற்கு இருபது தடவை பதில் சொன்னது, விசேஷ வீட்டுக்குப் போகாமல் இருந்தது. வாரக் கடைசியில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தினமும் நடப்பதாகவும், முழுக்க உங்கள் கையில் இருப்பதாகவும் பார்த்து எடுங்கள். மூன்று நான்கை ஒன்றாக நிறுத்துகிற வீடுகளில் நாலாம் நாளே பழைய கதை திரும்பிவிடும்.

பிறகு, பிள்ளை அமைதியாக இருக்கும்போது இரண்டு பாகமாகச் சொல்லுங்கள். "உனக்குப் பயமா இருக்குன்னு எனக்குத் தெரியும். உன்னால தாங்க முடியும்னும் தெரியும்." முதல் பாதியை விட்டால் அதட்டல், இரண்டாம் பாதியை விட்டால் பரிதாபம். அடுத்து, நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று: "நாளையிலருந்து 'வந்துருவியா'ன்னு கேட்டா ஒரு தடவை பதில் சொல்வேன். அப்புறம் கேட்டா சொல்ல மாட்டேன், கோபத்துல இல்ல." பிள்ளை மாற வேண்டும் என்று இதில் எங்கும் இல்லை, நீங்கள் மாறுகிறீர்கள், அவ்வளவுதான். முதல் மூன்று நான்கு நாள் அழுகை கூடும். கூடுவது வழி தவறியதால் அல்ல. பழைய வழி அடைபட்டது பிள்ளைக்குத் தெரிகிறது. மூன்றாம் நாள் மனமிரங்கி விட்டுக்கொடுத்தால், அதிகமாக அழுதால் கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். 2020-இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வில் 7 முதல் 14 வயது வரையிலான 124 பிள்ளைகள் இருந்தார்கள். பிள்ளையைப் பார்க்காமல் பெற்றோருக்கு மட்டும் 12 வாரம் இந்தப் பயிற்சி கொடுத்தது, பிள்ளைக்கே நேரடியாகக் கொடுத்த சிகிச்சைக்குக் குறையாமல் பலன் தந்தது.

8. "அப்போ பக்கத்துல படுக்க வைக்கிறதும் கூடாதா? எங்க லயத்துல ரூமே ஒண்ணுதான்."

படுக்க வையுங்கள். வெளிநாட்டுப் புத்தகத்தில் தனி அறை என்று எழுதியிருப்பது அவர்கள் வீட்டுக்கு. எல்லோரும் ஒரே பாயில் படுப்பது நம் வழக்கம். அதனால் பதற்றம் வருவதில்லை. அம்மா ஒன்றுக்குப் போக எழுந்தாலும் அலறுகிறாள், அத்தை வீட்டில் ஒரு ராத்திரிகூட இருக்க மாட்டேன் என்கிறாள் என்றால் அதைத் தனியாகக் கவனியுங்கள்.

9. "கடைக்குப் போகக்கூடப் பயப்படுறா. எந்த வரிசையில பழக்கணும்?"

பகலில், யானை நடமாட்டம் இல்லாத பாதையில் மட்டும். பயத்துக்கு 0 முதல் 10 வரை எண் போடச் சொல்லுங்கள். முதல் படி: அம்மா கூட வந்து நிற்க, காசை அவள் நீட்டுவது. இரண்டு: "ஒரு தீப்பெட்டி குடுங்க, அண்ணே" என்று அவளே கேட்பது. மூன்று: அம்மா கடைப் படிக்கட்டுக்குக் கீழே. நான்கு: அம்மா பாதை வளைவில். ஐந்து: அம்மா வீட்டு வாசலில். ஆறு: அம்மா வீட்டுக்குள்ளே. ஒவ்வொரு படியையும் நாலைந்து தடவை. கிளம்பும்போதே எண் 3-க்குக் கீழே வந்தால் அடுத்த படி. வாரம் ஒரு நாள் செய்வதைவிடத் தொடர்ந்து ஐந்து நாள் செய்வது வேகமாகப் பிடிக்கும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். முதல் நாளே ஐந்தாம் படியில் ஆரம்பிப்பது ஒன்று. எண் 8-இல் இருக்கும்போது "சரி வா, போலாம்" என்று திருப்பி அழைத்து வருவது இன்னொன்று. எட்டு ஐந்தாகும்வரை அங்கேயே நில்லுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகலாம். அந்த நேரத்தில் கையில் போனைக் கொடுத்துவிட்டால் கவனம் போனில் போய்விடும், பயம் பழகாது. முடிந்ததும் "நீயே கேட்டு வாங்குன" என்று நடந்ததைச் சொல்லுங்கள். பரிசு எல்லாம் வேண்டாம், வாங்கிய மிட்டாய் போதும்.

10. "ஸ்கூலுக்கே போக மாட்டேங்குறான். பத்து நாளாச்சு."

ஒவ்வொரு நாளும் திரும்பிப் போவதைக் கடினமாக்குகிறது. முதலில் பள்ளியில் நிஜமான காரணம் இருக்கிறதா என்று பாருங்கள்: அடி, கிண்டல், கழிப்பறை. எல்லைப் பக்கத்தில் மொழியும் உண்டு. வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளம் என்று இருக்கிற பிள்ளை வாய் திறந்தால் சிரிக்கிறார்கள் என்றால், அதை டீச்சரோடு பேசித் தீர்க்காமல் பிள்ளையைத் தள்ளுவது அநியாயம்.

அது தீர்ந்ததும், அல்லது இல்லை என்று தெரிந்ததும், உடனே அனுப்புங்கள். முதல் இரண்டு நாள் காலை இடைவேளை வரை, பிறகு மதியம் வரை, ஒரு வாரத்துக்குள் முழு நாள். யாரிடம் ஒட்டிக்கொள்ளாதோ அவர் கொண்டுபோய் விடட்டும், அப்பாவோ சித்தப்பாவோ. வாசலில் ஒரு டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே அழைக்கட்டும். கொண்டுவந்தவர் திரும்பிப் பார்க்காமல் நடக்கட்டும். லீவு போட்ட நாளில் வீட்டில் டிவி, போன், கடைத் தின்பண்டம் கிடையாது. தண்டனையாக இல்லை, வீடு பள்ளியைவிடச் சுவாரசியமாக இருக்கக் கூடாது, அதற்காக.

11. "புருசன் பொண்டாட்டி சண்டை எந்த வீட்லதான் இல்ல? தூங்குற புள்ளைக்கு என்ன தெரியப்போகுது?"

தெரியும். 2013-இல் ஆறு முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகள் தூங்கும்போது ஸ்கேனில் வைத்துக் கோபமான குரலை ஓட்டிப் பார்த்தார்கள். சண்டை அதிகமுள்ள வீட்டுக் குழந்தைகளின் மூளையில், பதற்றத்தோடு தொடர்புள்ள பகுதிகள் தூக்கத்திலேயே கூடுதலாகத் துடித்தன.

சண்டையே போடாத வீடு வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சண்டை எப்படி முடிகிறது என்று பிள்ளைக்குத் தெரிவதுதான் பெரிய விஷயம். சமாதானம் ஆனதைப் பார்த்த பிள்ளையின் கலக்கம் நன்றாகக் குறைகிறது. கதவுக்குப் பின்னால் தீர்ந்ததைப் பிறகு எடுத்துச் சொன்னாலும் குறைகிறது. "நேத்து அப்பாவும் நானும் வட்டிக் காசு விஷயமா சத்தம் போட்டோம். இப்ப பேசித் தீத்துக்கிட்டோம். உன்னால வந்த சண்டை இல்ல." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். சிறு பிள்ளைகள் எதையும் தங்கள் தலையில் போட்டுக்கொள்ளும். இன்னொன்று, சத்தமே இல்லாமல் பத்து நாள் பேசாமல் இருக்கிற வீடும் சண்டை வீடுதான். "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று பிள்ளையைத் தூது அனுப்புவது அதன் மோசமான பகுதி.

12. "அவுக அப்பா குடிச்சிட்டு வர்ற நாள்ல புள்ள சாயங்காலமே நடுங்க ஆரம்பிச்சிருது. அந்தப் பயத்தைப் போக்க என்ன செய்ய?"

அந்தப் பயம் சரியான பயம். 7-ஆம், 9-ஆம் கேள்விகளில் சொன்னதை இங்கே செய்யாதீர்கள். ஆபத்துக்குப் பிள்ளையைப் பழக்குவது சிகிச்சை இல்லை.

பாதுகாப்பு முதலில். எந்த வீட்டுக்கு ஓடுவது என்று பக்கத்து வீட்டாரோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். செருப்பு, ஸ்கூல் பை, ஒரு மாற்று உடை அங்கேயே இருக்கட்டும். அடி என்றால் 1098 குழந்தைகளுக்கு, 181 பெண்களுக்கு. இரண்டும் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் வேலை செய்கின்றன. குடி ஒரு நோய், சிகிச்சை உண்டு என்பதை அப்பாவிடம் அவர் நிதானமாக இருக்கும் காலையில் பேசுங்கள். மூத்த பெண் பிள்ளையை நடுவர் ஆக்காதீர்கள். "நீ சொன்னா அப்பா கேப்பாரு" என்று பத்து வயதில் அவளை அனுப்புகிற வீட்டில், அவள் இருபதிலும் எல்லோர் முகத்தையும் பார்த்தே பேசுவாள்.

13. "நாங்க ரெண்டு பேரும் விடியக்காலை ஜீப்புல ஏலக்காட்டுக்குப் போயிருவோம். அதனாலதான் பயமா? வேலைய விட்டுறவா?"

வேண்டாம். அம்மா வேலைக்குப் போவதால் பதற்றம் வருவதில்லை. எப்போது போவார், எப்போது வருவார், அதுவரை யார் என்று தெரியாததால் வருகிறது. பிள்ளை அழும் என்று தூங்கும்போதே நழுவுவது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். கண் விழித்தால் அம்மா இல்லை. அதற்குப் பிறகு தூங்கவே பயப்படும்.

முந்தின ராத்திரி சொல்லுங்கள்: "காலையில நீ எந்திரிக்கும்போது நான் இருக்க மாட்டேன், அப்பத்தா இருப்பாங்க. ஜீப்பு வந்து சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வந்துருவேன்." முடிந்தால் எழுப்பி அரை நிமிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அழுதாலும் பரவாயில்லை. சொன்ன நேரத்துக்கு வர முடியாது என்றால் போன். பிள்ளையைக் கம்பத்தில் தாத்தா வீட்டில் விட்டுவிட்டு எஸ்டேட்டில் இருப்பவர்கள், வரும் நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு, வராவிட்டால் முன்பே சொல்லிவிடுங்கள். "அழுதா உன்னை விட்டுட்டுப் போயிருவேன்" என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்ல வேண்டாம். ஏற்கெனவே பிரிந்து வாழ்கிற பிள்ளைக்கு அது விளையாட்டு இல்லை.

14. "நான் தாங்கிப் பேசுறேன். அவரு 'ரெண்டு போட்டா பயம் பறந்துரும்'ங்குறாரு. யாரு சொல்றது சரி?"

இரண்டும் சேர்ந்து இருப்பதுதான் கெடுதல். ஒருவர் கடுமை காட்டக் காட்ட மற்றவர் ஈடுகட்ட இன்னும் தாங்குவார். அதைப் பார்த்து முதலாமவர் இன்னும் கடுமையாவார். அடித்தால் பயத்தோடு அப்பா பயமும் சேரும். 7-ஆம் கேள்வியின் இரட்டை வாக்கியத்தை ஆளுக்கொரு பாதியாகப் பழகுங்கள்: தாங்குகிறவர் "உன்னால முடியும்" என்ற பாதியை, கடிந்துகொள்கிறவர் "பயமா இருக்குன்னு தெரியும்" என்ற பாதியை. முதலில் வாய் வராது.

15. "அண்ணங்காரன் 'பயந்தாங்கொள்ளி'ன்னு கேலி பண்றான்."

கேலியை நிறுத்துங்கள், ஒப்பிடுவதை அதற்கு முன்னால் நிறுத்துங்கள். அண்ணன் அந்தச் சொல்லைப் பெரும்பாலும் பெரியவர்களிடமிருந்துதான் எடுத்திருப்பான். 9-ஆம் கேள்வியின் படிகளில் அவனைத் துணைக்கு வையுங்கள். பல பிள்ளைகள் அம்மாவைவிட அண்ணனோடு தைரியமாகப் போகும்.

16. "மந்திரிச்சுக் கயிறு கட்டுனோம், பள்ளிவாசல்ல ஓதியும் பாத்தோம். கொஞ்ச நாள் நல்லாருந்துச்சு."

கட்டியதில் எங்களுக்குச் சண்டையில்லை. வீடே தனக்காகக் கூடி நின்றது என்ற ஆறுதல் பிள்ளைக்குக் கிடைத்திருக்கும். "ஒன்னைப் பேய் புடிச்சிருக்கு" என்று அதன் காதுபடச் சொல்வதுதான் கெடுதல். இருந்த பயத்துக்கு மேல் ஒன்று கூடும். கயிறு அறுந்த நாளில் பள்ளிக்கே போக மாட்டேன் என்கிற நிலை வந்தால், கயிறும் 7-ஆம் கேள்வியின் நோட்டில் ஏறுகிறது.

17. "டாக்டர்னா எங்க போறது? போனா மாத்திரை எழுதிருவாங்களோ?"

முதலில் போன் போதும்: 14416. டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், 24 மணி நேரம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். நேரில் என்றால் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. மேலே இருப்பவர்களுக்கு மாவட்ட மனநலத் திட்டத்தின் முகாம்கள் அரசு ஆஸ்பத்திரிகளிலேயே நடக்கும், நாளைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். எழுதிய நோட்டைக் கையோடு கொண்டுபோனால் டாக்டரின் பாதி நேரம் மிச்சம்.

லேசான, நடுத்தரமான பதற்றத்துக்குப் பேச்சு வழிச் சிகிச்சைதான் முதலில். 12 முதல் 16 வாரம், 9-ஆம் கேள்வியின் படிகள்தான் அதன் முதுகெலும்பு. 2008-இல் 488 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வில் அது மட்டும் பெற்றவர்களில் 60 விழுக்காடு பேரும், செர்ட்ராலின் மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காடு பேரும், இரண்டும் பெற்றவர்களில் 81 விழுக்காடு பேரும் நன்றாகத் தேறினார்கள். வெற்று மாத்திரைக்கு 24. ஆகவே கடுமையான பதற்றத்தில் டாக்டர் மாத்திரை எழுதினால் பயந்து ஓட வேண்டாம். பலன் தெரியச் சில வாரம் ஆகும், திடீரென்று நிறுத்தக் கூடாது, முதல் வாரங்களில் எரிச்சலோ தூக்கக் கேடோ கூடினால் உடனே சொல்ல வேண்டும். பாட்டிக்கு எழுதிய தூக்க மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது.

சாகணும் என்று பேசுவது, தன்னைத்தானே காயப்படுத்துவது, சாப்பாட்டை அடியோடு நிறுத்துவது, இதில் எது இருந்தாலும் முகாம் நாள் வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

18. "எல்லாம் செஞ்சோம், நல்லாவே இருந்தா. முழுப் பரிட்சை லீவு முடிஞ்சதும் பழையபடி ஆயிட்டா. முதல்லருந்தா?"

முதலிலிருந்து இல்லை. நீண்ட லீவு, காய்ச்சல், வீடு மாறுவது, வீட்டில் ஒரு சாவு, தம்பி பாப்பா பிறப்பது, இவற்றுக்குப் பிறகு பயம் தலை தூக்கும். லீவில் பழக்கமே இல்லாததும், அம்மாச்சி வீட்டில் பழைய தாங்கல் திரும்பியதும் பெரும்பாலும் காரணம். விட்ட படியிலிருந்து இரண்டு படி இறங்கி ஆரம்பித்தால், போன தடவை ஒரு மாதம் ஆனது இந்தத் தடவை ஒரு வாரத்தில் முடியும்.

அடுத்த லீவுக்கு இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளலாம். லீவிலும் வாரம் மூன்று நாள் கடைக்குத் தனியாகப் போகட்டும். பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே பழைய நேரத்துக்கு எழுப்புங்கள்; இரண்டு நாள் முன்பு பள்ளி வாசல் வரை நடந்துவிட்டு வாருங்கள். மலையில் பள்ளி திறக்கிற ஜூன் மாதமும் மழை தொடங்குகிற ஜூன் மாதமும் ஒன்றுதான். குடை, ரெயின்கோட், நனைந்தால் மாற்ற உடை என்பதை எல்லாம் முதல் நாளே பையில் வைத்துவிட்டால் காலையில் தள்ளிப்போட ஒரு சாக்கு குறையும்.